ஆக்‌ஷன் என்னும் உறுப்பின் சரித்திரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆயிரம் கஜத்துக்கு அப்பால் நிறுத்திய இலக்கைக் குறி தவறாமல் அடிக்க வேண்டுமென்று ஆசைப்படும் ஒருவர், அந்த வித்தையில் சற்று முதிர்ந்தவராகவும் கையில் கொஞ்சம் தாராளமாகப் பணமுள்ளவராகவும் இருந்தால், கடைக்குப் போய் முழுத் துப்பாக்கியை விலைக்கு வாங்குவதில்லை. குழலை ஓரிடத்திலும், கட்டையை மற்றோரிடத்திலும், விசைப்பொறியை வேறோரிடத்திலும் வாங்கிச் சேகரித்து, அவற்றையெல்லாம் ஒன்றோடொன்று இசைத்துத் தரும் துப்பாக்கிக் கம்மியரிடம் ஒப்படைக்கிறார். அப்படிச் சேகரிக்கும் உறுப்புகளுள் அவர் முதலாவதாகத் தேர்ந்தெடுப்பதும், பல நாள் யோசித்துப் பலரிடம் அபிப்பிராயம் கேட்டுத் தேர்ந்தெடுப்பதும் ‘ஆக்‌ஷன்’ என்னும் உறுப்பையே.

ஆக்‌ஷன் இரண்டு பகுதிகள் சேர்ந்தது. குழலின் பின்முனை மரையில் திருகிப் பொருந்தும் கூடு ஒன்று. அதை ரிசீவர் என்பார்கள். அந்தக் கூட்டுக்குள் முன்னும் பின்னும் ஓடி, தோட்டாவை அறைக்குள் தள்ளி, அதன் பின்னால் நின்று திரும்பிப் பூட்டிக்கொள்ளும் எஃகு உருளை மற்றொன்று, அது போல்ட். மருந்து பற்றி எரியும் கணத்தில், சதுர அங்குலத்துக்கு அறுபதாயிரம் பவுண்டு வரையில் எழும்புகிற அழுத்தம் சுடுபவருடைய முகத்தை நோக்கித் திரும்பாமல் தடுத்து நிற்பவை, அந்த உருளையின் முனையில் புடைத்திருக்கும் இரண்டு சிறிய காதுகளே. குழல் சில ஆயிரம் தோட்டாக்களில் தேய்ந்து மாற்றப்படுவது. கட்டையும் விசையும் சொந்தக்காரரின் மனம்போல் மாறுபவை. ஆக்‌ஷன் ஒன்றுதான் ஆயுள் முழுதும் கூட வருவது. சட்டமும் இதற்கு உடன்பாடாகவே இருக்கிறது. 1968ஆம் வருஷத்து அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தின் கண்ணில் ரிசீவர் ஒன்றே துப்பாக்கி. மற்றவையெல்லாம் தபாலில் வரக்கூடிய வெறும் இரும்பும் மரமும்தாம்.

இன்று இப்படித் தனியாக ஆக்‌ஷன் செய்து விற்கும் பட்டறைகள் அந்தத் தேசத்தில் மான்டானாவிலிருந்து பென்ஸில்வேனியா வரையில் பல இருக்கின்றன. அவற்றின் பொருள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விநோதம் புலப்படும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரே அளவுப் பிரமாணத்தைத் தழுவியவை. அந்தப் பிரமாணமோ, மிக மலிவாகவும் மிகச் சுளுவாகவும் செய்யவேண்டும் என்ற ஒரே உத்தேசத்துடன் 1948இல் ஒரு பெரிய தொழிற்சாலை வகுத்தது. விலையுயர்ந்த பொருள்களுக்கெல்லாம் மாதிரியாக மலிவான பொருள் ஒன்று அமைந்துபோன விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், கதையைச் சற்று முன்னாலிருந்தே தொடங்கவேண்டும்.

ஜெர்மனியில் துரிங்கியா பிரதேசத்தைச் சேர்ந்த ஸொம்மெர்டா என்னும் சிற்றூரில் 1787இல் பிறந்த யோஹான் நிகோலாஸ் ட்ரைஸ, பூட்டுச் செய்யும் கம்மியரின் மகன். நெப்போலியன் காலத்தில் பாரிஸுக்குப் போய், அங்கே பின்புறமாகத் தோட்டா போடும் துப்பாக்கிகளைச் செய்துகொண்டிருந்த பௌலி என்னும் சுவிஸ்காரரின் பட்டறையில் வேலை பழகினார். முன்வாய் வழியாக மருந்தையும் குண்டையும் கெட்டித்துச் சுட்ட அந்நாளில், குழலின் பின்புறத்தைத் திறந்து மூடும் ஏற்பாட்டுக்கு அவர் கண்ட உபாயம், கதவுத் தாழ்ப்பாளைப் போலவே தள்ளித் திருப்பிப் பூட்டும் உருளை ஒன்று. பூட்டுக் கம்மியரின் மகனுக்கு அது தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. பிரஷ்யா அதை 1840இல் ஏற்று, பிறர் அறியாமலிருப்பதற்காக ‘இலகுரகத் துப்பாக்கி’ என்னும் பொருளற்ற பெயரைச் சூட்டி, ரகசியமாகவே வெகுகாலம் சேமித்து வைத்தது. 1866ஆம் வருஷம் ஜூலை மாதம் கோனிக்ராட்ஸ் போர்க்களத்தில், நின்றுகொண்டு முன்வாயில் குண்டு கெட்டித்த ஆஸ்திரியரைப் படுத்துக்கொண்டே சுட்டு வீழ்த்திய பிரஷ்யரின் வெற்றியால், அந்தத் தாழ்ப்பாளின் கீர்த்தி ஐரோப்பா எங்கும் பரவியது.

ஆனால் அந்தத் துப்பாக்கி விரைவாகச் சுட்டதே தவிரத் துல்லியமாகச் சுடவில்லை. போல்ட் பூட்டிய பிறகும் இடுக்கு வழியே புகையும் நெருப்பும் கசிந்தன. இதனால் குறிபார்க்கும் கலையில் வல்ல கனவான்கள், பின்புறம் திறக்கும் துப்பாக்கி எதையும் நம்பாமல், முன்வாய்த் துப்பாக்கியையே பற்றிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் 1860ஆம் வருஷம் விம்பிள்டன் மைதானத்தில் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் பந்தயத்தை விக்டோரியா மகாராணி தம் கையால் தொடங்கிவைத்தபோது சுட்ட துப்பாக்கியும் முன்வாய்த் துப்பாக்கிதான். அதைச் செய்தவர் ஜோஸப் விட்வொர்த். திருகு மரைகளுக்கு 1841இல் ஒரே அளவுத்திட்டம் வகுத்து, சமதளத் தகடுகளையும் நுண்ணளவைகளையும் பட்டறைகளுக்குள் புகுத்திய அதே விட்வொர்த்தான் அவர். அளவெடுக்கும் சாஸ்திரத்தின் தந்தையே நெடுந்தூரத் துப்பாக்கியிலும் கைவைத்தது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. தூரம் அதிகமாக அதிகமாக, துப்பாக்கிக் கலை என்பது அளவெடுக்கும் கலையாகவே மாறிவிடுகிறது.

நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில் க்ரீட்மோர் என்னும் மைதானத்தில் 1874ஆம் வருஷம் செப்டம்பரில் நடந்த பந்தயம் முன்வாய்த் துப்பாக்கியே துல்லியமானது என்னும் நம்பிக்கையைக் கலைத்தது. முன்வாய்த் துப்பாக்கியில் உலகை வென்றிருந்த அயர்லாந்துக்காரர், டப்ளினில் ரிக்பி செய்த ஆயுதங்களுடன் வந்தார்கள். அமெரிக்கர், ரெமிங்டனும் ஷார்ப்ஸும் புதிதாகச் செய்த பின்வாய்த் துப்பாக்கிகளுடன் நின்றார்கள். எண்ணூறு, தொள்ளாயிரம், ஆயிரம் கஜ தூரங்களில் நாள் முழுதும் சுட்ட முடிவில் 934க்கு 931 என்ற கணக்கில் அமெரிக்கர் வென்றார்கள். மில்னர் என்னும் அயர்லாந்து வீரர் அடித்த அருமையான மையக்குறி ஒன்று பக்கத்து இலக்கில் போய் விழுந்து கணக்கில் சேராமல் போகாதிருந்தால் முடிவு வேறாயிருக்கும். எப்படியிருந்தாலும், பின்புறம் திறந்து மூடும் ஆயுதமும் நெடுந்தூரத்துக்கு ஏற்றதே என்பது அன்று மாலையில் ருசுவாகிவிட்டது. அந்த அமெரிக்கத் துப்பாக்கிகளில் ஒன்றிலும் போல்ட் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போல்ட்டின் காலம் வேறிடத்தில் பக்குவமாகிக்கொண்டிருந்தது.

ஜெர்மனியில் கருங்காடு என்னும் வனத்தின் ஓரத்தில், நெக்கர் நதிக்கரையில் உள்ள ஓபர்ன்டார்ஃப் என்னும் ஊரிலே, அகஸ்டின் சபைத் துறவிகள் விட்டுச் சென்ற மடம் ஒன்றை வூர்ட்டம்பெர்க் அரசர் 1811இல் ஆயுதசாலையாக மாற்றியிருந்தார். அந்த ஆயுதசாலையில் வேலை பார்த்த கம்மியர் ஒருவருக்குப் பதின்மூன்றாவது குழந்தையாக 1838இல் பிறந்தவர் பால் மௌஸர். பன்னிரண்டு வயதிலேயே தந்தையுடன் பட்டறைக்குள் நுழைந்தவர், பிற்பாடு தம் அண்ணன் வில்ஹெல்முடன் சேர்ந்து ட்ரைஸயின் தாழ்ப்பாளைத் திருத்தத் தொடங்கினார். கைத்திறம் தம்பியுடையது, வியாபாரத் திறம் அண்ணனுடையது. இவர்கள் அமைத்த துப்பாக்கியை ஐக்கியப்பட்ட ஜெர்மனி 1871இல் ஏற்றுக்கொண்டது; மூன்று வருஷங்களில் சகோதரர் இருவரும் தாங்கள் கூலிவேலை செய்த ஆயுதசாலையையே விலைக்கு வாங்கினார்கள். வில்ஹெல்ம் 1882இல் காலமானார். பால் அதன் பிறகு முப்பத்திரண்டு வருஷம் உயிரோடிருந்து, ஒரே உறுப்பைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். 1901இல் தானியங்கித் துப்பாக்கியொன்றின் சோதனையில் ஒரு கண்ணை இழந்தும் விடவில்லை.

அவருடைய திருத்தங்களுக்குக் காரணமாக வந்தது வெடிமருந்தில் ஏற்பட்ட புரட்சி. 1884இல் பிரெஞ்சு ரசாயன நிபுணர் பால் வியேல் புகையில்லாத மருந்தைக் கண்டுபிடித்ததும், தோட்டாவின் வேகமும் அதனுடன் அறைக்குள் எழும் அழுத்தமும் வெகுவாக உயர்ந்தன. பழைய ஏற்பாட்டில் போல்ட்டின் கைப்பிடி அடிப்பாகம் ஒன்றே பூட்டாக நின்றது. அது இந்த அழுத்தத்தைத் தாங்காது. 1889இல் பெல்ஜியத்துக்குச் செய்த மாதிரியில், பூட்டும் காதுகளை மௌஸர் போல்ட்டின் முனைக்கே கொண்டுவந்தார். தோட்டாவுக்கு மிக அருகில் பூட்டு விழுவதால், வெடிக்கும் கணத்தில் அமுங்கவும் நீளவும் கூடிய எஃகின் நீளம் மிகமிகக் குறைந்தது. 1893இல் ஸ்பெயினுக்குச் செய்ததில், தோட்டாவைப் பெட்டியிலிருந்து எழும்பும்போதே விளிம்பில் கவ்விக்கொண்டு அறை வரையில் விடாமல் அழைத்துச் செல்லும் நீண்ட நகம் பக்குவமடைந்தது. 1898இல் தம் சொந்தத் தேசத்துக்குச் செய்ததில், முன்காதுகள் தவறினால் தாங்குவதற்குப் பின்புறத்தில் மூன்றாவது காது, கசியும் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடத் துளைகள், திறக்கும்போதே வில் இழுபடும் ஏற்பாடு எல்லாம் சேர்ந்தன. இதற்குப் பிறகு வந்தவர்கள் குறைத்தார்கள், மாற்றினார்கள், மலிவாக்கினார்கள். புதிதாகக் கூட்டியது சொற்பமே.

அந்த நாளிலேயே மௌஸர் தொழிற்சாலை முழுத் துப்பாக்கியை மட்டுமின்றி ஆக்‌ஷனையும் தனியாக விற்றது என்பது நம் கதைக்கு முக்கியம். லண்டனில் ரிக்பி முதலிய கனவான்களின் துப்பாக்கிக் கடைக்காரர், ஓபர்ன்டார்ஃபிலிருந்து ஆக்‌ஷனை வரவழைத்து, தங்கள் குழலையும் வால்நட் கட்டையையும் பொருத்தி, தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். யானை வேட்டைக்கு வேண்டிய பெருந்தோட்டாக்களுக்காக நீளம் கூட்டிய ஆக்‌ஷனை ரிக்பி சொல்லிச் செய்வித்ததும் உண்டு. குமாவோன் மலைப் பிரதேசத்தில் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியதற்காக 1907இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட ரிக்பி ரைஃபிளின் உள்ளே இருந்ததும் மௌஸர் ஆக்‌ஷன்தான். அவருடைய வேட்டைக் கதைகளைப் படித்துப் புல்லரித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தத் துப்பாக்கியின் உயிர்நிலை ஒரு ஜெர்மானிய மடத்தில் பிறந்தது என்பதைக் கவனித்தவர்கள் சிலரே.

மௌஸரின் வழியை விட்டு விலகி நின்ற ஓர் ஆக்‌ஷனையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. அது நம் நாட்டுப் போலீஸாரின் தோளில் நெடுங்காலம் தொங்கிய ‘303’, அதாவது லீ-என்ஃபீல்டு. ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ வகுத்த இந்த ஆக்‌ஷனில் காதுகள் போல்ட்டின் முனையில் இல்லை, பின்புறத்தில் இருந்தன. சாஸ்திரப்படி இது குறைபாடு: ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் போல்ட் முழுதும் அமுங்கி, ரிசீவர் வளைந்து, குழலின் நுனி செங்குத்தாக அதிரும். ஆனால் இங்கிலாந்தில் பிஸ்லி மைதானத்துப் பழம் பந்தயக்காரர்கள், ஆயிரம் கஜத்துக்குச் சுடும்போது இந்தக் குறைபாடுள்ள துப்பாக்கியையே விரும்பினார்கள். அதற்கு நல்ல காரணம் இருந்தது. சற்று மந்தமாகக் கிளம்பும் குண்டு குழலைவிட்டு வெளியேறச் சற்றுத் தாமதமாகிறது. அதற்குள் குழலின் நுனி சற்று மேலே எழும்பியிருக்கிறது. எனவே வேகம் குறைந்த குண்டு கொஞ்சம் உயரமான கோணத்தில் புறப்பட்டு, வேகமான குண்டு போய்ச் சேர்ந்த இடத்துக்கே ஆயிரம் கஜத்தில் வந்து விழுகிறது. இருநூறு கஜத்தில் இந்த ஆயுதம் சாதாரணம், ஆயிரத்தில் அபூர்வம். கெட்டியான ஆக்‌ஷன்தான் எப்போதும் சிறந்தது என்று சத்தியம் செய்பவர்கள் இந்த உதாரணத்தைச் சௌகரியமாக மறந்துவிடுவது வழக்கம்.

அட்லாண்டிக் மகாசமுத்திரத்துக்கு அப்பால் மௌஸரின் புகழ் ஏறியது ஒரு தோல்வியின் வாயிலாக. 1898இல் கியூபாவில் ஸான் ஹுவான் குன்றின்மேல் நின்ற சொற்ப ஸ்பானிஷ் வீரர்கள் கையில் இருந்த மௌஸர்களால் அமெரிக்கப் படைகள் பட்ட பாடு, வெற்றி பெற்றவர்களையே சிந்திக்க வைத்தது. ஐந்து வருஷங்களுக்குள் அவர்கள் தங்கள் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் ஒரு புதிய துப்பாக்கியைச் செய்தார்கள். அது மௌஸரின் உரிமைகளை அப்பட்டமாகத் தழுவியிருந்ததால், மொத்தம் இரண்டு லட்சம் டாலர் அவருக்குச் செலுத்தவேண்டி வந்தது. முதல் உலக யுத்தத்துக்குப் பின், இந்த ஸ்பிரிங்ஃபீல்டை வாங்கி, ராணுவக் கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அழகிய வேட்டைத் துப்பாக்கியாக்கும் ஒரு புதுத்தொழில் பிறந்தது. 1923இல் நியூயார்க்கில் நாற்காலி மேஜை செய்யும் தச்சரான ஸீமோர் கிரிஃபினும் ஜேம்ஸ் ஹவும் தொடங்கிய ஸ்தாபனம் இதில் பெயர் பெற்றது. இரண்டாம் யுத்தம் முடிந்து தோற்ற தேசத்தின் மௌஸர்கள் மலைமலையாக வந்திறங்கியபோது, ஊருக்கு ஊர் கம்மியர் தோன்றினர். ஆனால் இவர்கள் எவரும் ஆக்‌ஷனைச் செய்யவில்லை. ராணுவம் செய்து கழித்ததை எடுத்துத் திருத்தினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் நியூயார்க் மாகாணத்து இலியன் என்னும் ஊரில், 1816 முதல் துப்பாக்கி செய்துவந்த ரெமிங்டன் தொழிற்சாலையில், மைக் வாக்கர் என்னும் பொறியாளர் ஒரு காரியம் செய்தார். மௌஸர் வகை ரிசீவரின் உருவம் சிக்கலானது: அடித்து உருவாக்கிய எஃகுக் கட்டியைப் பல மில்லிங் இயந்திரங்களில் மாற்றி மாற்றி ஏற்றி, தட்டையான அடிப்பாகத்தையும் உதைப்பைத் தாங்கும் அடிக்காதையும் குடைந்தெடுக்க வேண்டும். அத்தனை வேலைக்கும் அத்தனை கூலி. வாக்கர் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, உருண்டையான எஃகுத் தண்டை லேத்தில் கடைந்து ஒரு குழாயாக்கி அதையே ரிசீவர் என்றார். உதைப்பைத் தாங்கும் அடிக்காது தனியாக வெட்டிய ஒரு தடித்த வளையமாகி, குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவே இறுக்கப்பட்டது. நீண்ட நகம் போய், போல்ட் முகத்துக்குள் அடங்கும் சிறு கவ்வி வந்தது. போல்ட்டும் ஒரே துண்டன்று. தலை, உடல், கைப்பிடி என்று தனித்தனியே செய்து பற்றவைத்தது. 1948இல் 721, 722 என்ற எண்களோடு வெளிவந்து, 1962இல் 700 என்ற எண்ணால் நிலைபெற்ற இந்த ஆக்‌ஷனை, மௌஸரின் அழகில் ஊறிய பெரியவர்கள் குழாய்த்துண்டு என்று ஏளனம் செய்தார்கள்.

ஆனால் லேத்தில் கடைந்த பொருளுக்கு ஒரு குணம் உண்டு: அது தன் அச்சைச் சுற்றியே பிறக்கிறது. குழலின் துளை, ரிசீவரின் மரை, போல்ட்டின் ஓட்டம், காதுகள் அமரும் முகம் ஆகிய நான்கும் ஒரே கோட்டில் அமையவேண்டும் என்பதுதான் துல்லியத்தின் முதல் விதி. உருண்டையான பொருளில் அந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பதும் எளிது, கோணலானால் திருத்துவதும் எளிது. வாக்கர் இதை அறியாதவர் அல்லர். அவரே மேஜைமேல் துப்பாக்கியைச் சாத்திவைத்துச் சுடும் ‘பெஞ்ச்ரெஸ்ட்’ என்னும் பந்தயத்தின் பித்தர். 1950இல் அவர் வகுத்த 222 ரெமிங்டன் தோட்டா அந்தப் பந்தயத்தையே வெகுகாலம் ஆண்டது. நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2013இல் அவர் மறைந்தார். அவர் வகுத்த விசைப்பொறியைப் பற்றிப் பிற்காலத்தில் வழக்குகள் நீதிமன்றம் வரை சென்றதையும் சொல்லத்தான் வேண்டும். ஆக்‌ஷனுக்கு வந்த புகழ் விசைக்கு வரவில்லை.

பெஞ்ச்ரெஸ்ட் பந்தயம் வேடிக்கையானது. அங்கே இலக்கின் நடுவை அடிப்பது பெரிதன்று. ஐந்து அல்லது பத்துக் குண்டுகளும் எவ்வளவு சிறிய வட்டத்துக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன என்பதே கணக்கு. மனிதனுடைய கைநடுக்கத்தை மணல்மூட்டைகள் வாங்கிக்கொள்வதால், எஞ்சும் பிழையெல்லாம் ஆயுதத்தின் பிழை அல்லது காற்றின் பிழை. 1951இல் இதற்கென்று ஒரு தேசியச் சங்கம் ஏற்பட்டபோது, அந்த மேஜைகள் ஆக்‌ஷன்களைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கும் நியாயஸ்தலங்களாகவே ஆயின என்று சொல்லலாம்.

அந்த விசாரணையில் ரெமிங்டனின் குற்றங்கள் வெளிப்பட்டன. இயந்திரத்தில் கடைந்த பிறகு எஃகைச் சூடேற்றிக் கடினமாக்கும்போது ரிசீவர் இம்மி கோணுகிறது. ஆயிரக்கணக்கில் செய்யும் தொழிற்சாலை அந்தக் கோணலைப் பொருட்படுத்துவதில்லை. கம்மியர் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதைப் பாருங்கள். போல்ட் காதுகளின் பின்முகத்தில் நீல மசியை மெல்லத் தடவி, போல்ட்டை உள்ளே தள்ளிப் பூட்டித் திறந்து வெளியே இழுக்கிறார். ஒரு காதில் மசி உராய்ந்து எஃகு பளிச்சென்று தெரிகிறது. மற்றொரு காதில் மசி கலையாமல் அப்படியே இருக்கிறது. இரண்டு காதுகளும் தாங்கவேண்டிய சுமையை ஒன்றே தாங்குகிறது என்று பொருள். சுடும்போதெல்லாம் போல்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்தச் சாய்வு குழலுக்கும் பரவும். உடனே அவர் போல்ட் ஓடும் துளைக்குள் துல்லியமான தண்டு ஒன்றைச் செலுத்தி, அந்தத் தண்டின் அச்சை ஆதாரமாகக் கொண்டு ரிசீவரை லேத்தில் ஏற்றி, காதுகள் அமரும் முகத்தையும் முன்முகத்தையும் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு அளவு சீவி, மரையையும் நேர்கோட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி வெட்டுகிறார். பிறகு போல்ட்டின் முகம், பிறகு காதுகள், கடைசியில் நுண்பசை தடவித் தேய்த்து இரண்டும் சமமாகப் படியும்வரை பொறுமை. அடிக்காது வளையத்தையும் விடுவதில்லை. தொழிற்சாலை வளையத்தை எறிந்துவிட்டு, இருபக்கமும் இணையாகச் சாணைபிடித்த தடித்த வளையம் ஒன்றைப் போடுகிறார்.

இத்தனை வைத்தியமும் செய்த பிறகும் பெஞ்ச்ரெஸ்ட்காரர்களுக்குத் திருப்தி உண்டாகவில்லை. குழாய் மெலிந்தது, கனமான குழலைத் தாங்கும்போது தொய்கிறது, தோட்டாப் பெட்டிக்காக அடியில் வெட்டிய திறப்பு அதை மேலும் பலவீனமாக்குகிறது. எனவே அலுமினியத்திலோ எஃகிலோ செய்த தடித்த உறை ஒன்றுக்குள் ஆக்‌ஷனை நுழைத்து, எபாக்ஸிப் பசையால் நிரந்தரமாக ஒட்டிவிடும் வழக்கம் வந்தது. இவ்வளவு தூரம் வந்த பிறகு எழவேண்டிய கேள்வி எழுந்தது: தொழிற்சாலை செய்ததை வாங்கி, அதன் ஒவ்வொரு முகத்தையும் மறுபடி சீவி, அதன்மேல் வேறொரு உறையும் போடுவதைக் காட்டிலும், முதலிலேயே சரியாக ஒன்றைச் செய்துவிட்டால் என்ன? திருத்தும் கூலி செய்யும் கூலியைத் தொட்ட கணத்தில்தான் தனி ஆக்‌ஷன் தொழில் பிறந்தது.

பென்ஸில்வேனியாவில் குழல் செய்துவந்த ஹார்ட், டெக்ஸாஸில் ஷைலன் ஆகியோரின் ஆக்‌ஷன்கள் முன்னால் வந்தன. ரால்ஃப் ஸ்டோல் வகுத்து, ஒஹையோவில் கெல்ப்லி குடும்பத்தார் செய்து பரப்பிய ‘பாண்டா’ வகை இவற்றுள் மிகத் துணிச்சலானது: உடல் முழுதும் அலுமினியம்; போல்ட்டின் காதுகள் பூட்டும் இடத்தில் மட்டும் உள்ளே திருகிய எஃகு. இதன் காரணம் பந்தய விதியிலேயே இருக்கிறது. இலகு வகைத் துப்பாக்கி தூரதரிசினியோடு சேர்ந்து பத்தரை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. எஃகால் பருத்த உடல் செய்தால் குழலுக்கு எடை மிஞ்சாது. இன்னொரு நுட்பமும் இவர்கள் கண்டது. வலது கை போல்ட்டிலிருந்து எடுபடாமல் இருக்க, இடது கையால் தோட்டாவை ஒவ்வொன்றாக இடவேண்டும். ஆகையால் இடப்பக்கம் போடுவதற்கு ஒரு வாயில், வலப்பக்கம் வெறுங்கூடு வெளியேற ஒரு வாயில் என்று ரிசீவருக்கு இரண்டு வாயில் திறந்தார்கள். காற்று மாறுவதற்குள் ஐந்து குண்டையும் விட்டுவிட வேண்டும் என்கிற அவசரம் எஃகில் இப்படி உருவம் பெற்றது.

இவையெல்லாம் பெரும்பாலும் நூறு, இருநூறு கஜத்துக் கதை. நெடுந்தூரத்துக்கு இந்த வித்தை போய்ச் சேர்ந்தது பென்ஸில்வேனியாவில் வில்லியம்ஸ்போர்ட் நகரத்துக்கு அருகே, மலையிலிருந்து மலைக்கு மான் சுட்டுப் பழகிய வேட்டைக்காரர்கள் 1967இல் ஆயிரம் கஜ பெஞ்ச்ரெஸ்ட் சங்கம் ஒன்றைத் தொடங்கியபோது. அதற்கு முந்திய வருஷம் வியத்நாம் யுத்தத்துக்காக அமெரிக்க மரீன் படையினர் ரெமிங்டன் 700இன் அடிப்படையில் எம்40 என்னும் துப்பாக்கியை ஏற்றிருந்தார்கள். 1988இல் தரைப்படையும் எம்24 என்று அதே வம்சத்தில் ஒன்றை ஏற்றது. ராணுவம் தொட்டதும், கட்டை செய்பவர், விசை செய்பவர், தோட்டாப் பெட்டி செய்பவர் எல்லாரும் அந்த ஒரே அளவுக்குத் தங்கள் சரக்கைச் செய்யத் தொடங்கினார்கள். விட்டம் ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல், குழல் மரை ஓர் அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும், அங்குலத்துக்குப் பதினாறு மரை, கட்டையில் இறுக்கும் திருகுகளின் இடைவெளி இன்னது என்பதெல்லாம் எவரும் சட்டம் போடாமலே சட்டமாயின. அதனால்தான் பின்னாளில் ஆக்‌ஷன் செய்தவர்கள், உள்ளே தங்கள் சாமர்த்தியத்தையெல்லாம் காட்டினாலும், வெளியுருவத்தில் ரெமிங்டனின் அளவை மீறத் துணியவில்லை. மீறினால், வாங்குகிறவர் கட்டைக்கும் விசைக்கும் எங்கே போவார்?

உள்ளே காட்டிய சாமர்த்தியங்களில் ஒன்றை மட்டும் விவரிப்போம். மாஸ்கோவில் லாஸரென்கோ தம்பதியர் 1943இல் கண்டுபிடித்த முறை, மின்பொறியால் எஃகை அரிப்பது. அந்த வித்தை வளர்ந்து, மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்று எஃகைத் தொடாமலே, பொறிவிட்டு அரித்துக்கொண்டு செல்லும் இயந்திரமாயிற்று. கடினமாக்கிய பிறகும் இதனால் வெட்டலாம் என்பதால், சூட்டில் கோணும் பழைய குறை நீங்கியது. போல்ட் ஓடும் பாதையைக் கடைசியில் ஒரே மூச்சில் நேராக அறுத்துவிடலாம். ஒக்லஹோமாவில் ஸர்ஜன் என்னும் பட்டறை, அடிக்காதையும் தூரதரிசினி அமரும் மேற்பட்டையையும் தனியே சேர்க்காமல் ஒரே எஃகுத் துண்டிலிருந்து குடைந்தது. வாக்கர் கூலியைக் குறைப்பதற்காகப் பிரித்ததைக் கணினி இயந்திரம் மறுபடி ஒன்றாக்கியது.

இன்று ஒருவர் ஆக்‌ஷன் தேர்ந்தெடுக்க உட்காரும்போது அவர் முன் நிற்கும் கேள்விகளெல்லாம் இந்தச் சரித்திரத்தின் பழைய வழக்குகளே. நீண்ட நகம் வேண்டுமா, சிறு கவ்வி போதுமா என்பது மௌஸருக்கும் வாக்கருக்கும் இடையே உள்ள வழக்கு. இரண்டு காதா, மூன்று காதா என்பது இன்னொன்று: இரண்டானால் போல்ட்டைக் கால் சுற்று தூக்கவேண்டும், மூன்றானால் அறுபது பாகை போதும், ஆனால் அதே வில்லைக் குறுகிய தூரத்தில் இழுக்கவேண்டியிருப்பதால் கைக்குக் கனக்கும். தோட்டாப் பெட்டித் திறப்பு இல்லாத கெட்டி அடிப்பாகம் மேஜையில் சுடுபவருக்குச் சிறப்பு. 2012இல் தொடங்கிய ‘பிரிஸிஷன் ரைஃபிள் ஸீரீஸ்’ பந்தயங்களில், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, வேலிமேலும் கூரைமேலும் சாய்ந்து சுடுகிறவர்களுக்கோ அது பிரயோஜனப்படாது. அவர்களுக்கு மண்ணும் தூசியும் புகுந்தாலும் தடைபடாமல் தோட்டா ஏறவேண்டும், அதற்குக் காதுகளுக்கும் பாதைக்கும் நடுவே கொஞ்சம் தாராளம் வேண்டும். மிக நெருக்கமாகப் பொருந்திய போல்ட் கண்ணாடிபோல் ஓடுவதைக் கடையில் தொட்டுப் பார்த்து மயங்கி வாங்கி, புழுதிக் காற்றடிக்கும் மைதானத்தில் அது சிக்கிக்கொள்ளப் பார்த்தவர்கள் உண்டு. நம் அபிப்பிராயத்தில், எங்கே சுடப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாமல் எந்த ஆக்‌ஷன் சிறந்தது என்று கேட்பது வீண்.

மாதிரியைத் தந்த தொழிற்சாலை இப்போது இல்லை. ரெமிங்டன் 2018இலும் 2020இலும் கடனில் மூழ்கி நீதிமன்றம் ஏறியது. அதன் பகுதிகள் பலருக்குத் துண்டு துண்டாக விற்கப்பட்டன. 2024இல் இலியன் தொழிற்சாலை மூடப்பட்டது. அந்தத் தொழிற்சாலையின் அளவுகளோ மற்றவர்களுடைய பட்டறைகளில், அது ஒருநாளும் எட்டாத நேர்த்தியோடு, தினமும் வெட்டப்படுகின்றன.

அந்த நேர்த்தி ஒரு புது விளைவையும் கொண்டுவந்திருக்கிறது. முன்னெல்லாம் ஒவ்வொரு ஆக்‌ஷனும் தனித்தனி அளவாயிருந்ததால், குழல் மாற்றவேண்டுமானால் ஆக்‌ஷனைக் கம்மியரிடம் அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஸாவேஜ் தொழிற்சாலை 1958இல் 110 என்னும் துப்பாக்கியில் குழலை ஒரு நட்டால் இறுக்கும் வழியைக் கண்டு இதற்கு ஒரு பரிகாரம் செய்திருந்தது. இப்போது நட்டும் தேவையில்லை. ஒரு பட்டறையின் ஆக்‌ஷன்களெல்லாம் ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல் பிறப்பதால், ஆக்‌ஷனைக் கண்ணால் பாராமலே அதற்குரிய குழலைக் கடைந்து தபாலில் அனுப்புகிறார்கள். வாங்கியவர் வீட்டு மேஜையில் பிடிகருவியில் இறுக்கி, பழையதைத் திருகிக் கழற்றி, புதியதைத் திருகி, இரண்டு எஃகுக் கேஜ்களால் சோதிக்கிறார்: ஒன்றை வைத்தால் போல்ட் மூடவேண்டும், மற்றதை வைத்தால் மூடக்கூடாது. அரைமணி நேர வேலை. மசி தடவிக் காது பார்த்துக்கொண்டிருந்த கம்மியர்களில் பலர், இப்படிக் குழல்களை மொத்தமாகக் கடைந்து அலமாரியில் அடுக்கி விற்கும் தொழிலுக்கு மாறிவிட்டார்கள்.